ஓட்டிப் பார்த்தேன் அண்ணி

கணினியிலிருந்து ஒரு பழைய கோப்பை நீக்கிவிட்டு, நிரலுக்கான சோதனையை ஓட்டினாள். உடனே முடியவில்லை. அதுதான் முதலில் உறுத்தியது.

நாலு வருடமாக அந்தக் கட்டளையைத் தட்டிவிட்டு விரலை எடுப்பதற்குள் திரையில் பச்சையாக ஒரு வரி வந்து நிற்கும்: 'எல்லாம் சரி.' பழக்க தோஷத்தில் அந்த வரியை யாரும் படிப்பதுகூட இல்லை. நிறம் தெரிந்தால் போதும். இன்றைக்கு என்னவோ வரிவரியாக ஓடிக்கொண்டே இருந்தது. கணினிக்குள் இருக்கும் சின்ன விசிறி மூச்சிரைத்தது. அவள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்து, பாட்டிலை நிரப்பிக்கொண்டு வந்து உட்கார்ந்தபோது மூன்று சிவப்பு வரிகள் காத்திருந்தன.

அவள் செய்தது ஒன்றும் பெரிய வேலை இல்லை. வேண்டாத கோப்புகளைக் கழித்துக் கட்டுகிற வேலை. திங்கட்கிழமை மேலாளர் கொடுத்தது. பதினோரு பேர் இருக்கிற அந்த அலுவலகத்தில் மேலாளருக்கு முதுகுக்குப் பின்னால் 'முடிச்சிடலாம்' என்று பெயர். எதைக் கொண்டுபோய் நீட்டினாலும் "முடிச்சிடலாம்" என்பார். அப்புறம் யாராவது முடித்துக் கொடுக்க வேண்டும்.

"ரெப்போ ஏம்மா இப்படி வீங்கிக் கிடக்கு?" என்று கேட்டார் அன்றைக்கு. "புது சர்வர்ல இறக்கவே இருபது நிமிஷம் ஆகுதாம். உள்ள என்னதான் போட்டு வெச்சிருக்கோம்?"

"வீடு மாத்தும்போது கட்டின மூட்டை சார்," என்றார் எதிர் மேசைக்காரர். "பிரிச்சுப் பாக்க யாருக்கும் தைரியம் இல்ல."

ரெப்போ என்பது அவர்கள் எழுதிய நிரல் எல்லாம் தேதிவாரியாகச் சேர்ந்திருக்கிற களஞ்சியம். யார், எந்த நாளில், எந்த வரியை மாற்றினார்கள் என்பது முதற்கொண்டு அதில் இருக்கும். மனிதர் எழுதுகிற நிரலைக் கணினி தான் ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றிக்கொள்கிறதே, அந்தக் கோப்புக்குப் பைனரி என்று பெயர். நிரலைக் களஞ்சியத்தில் வைக்க வேண்டும். பைனரியை வைக்கக் கூடாது. வேண்டும்போது ஒரு நிமிடத்தில் புதிதாக உருவாக்கிக்கொள்ளலாம். ஆனாலும் வருடக்கணக்கில் யார் யாரோ கவனிக்காமல் உள்ளே போட்டுவிட்டிருந்தார்கள். சோதனைகளின் பைனரிகள்தான் அதிகம். அவற்றை வெளியே எடுத்து, இனி உள்ளே வராதபடி தவிர்ப்புப் பட்டியலில் பெயர் எழுதிவிட வேண்டும். அதோடு விடவில்லை முடிச்சிடலாம். "வெள்ளிக்கிழமை பழைய ஹிஸ்டரியிலேர்ந்தும் எடுத்துடுங்க. ஆரம்பத்துலேர்ந்தே இல்லாத மாதிரி. அப்பதான் சைஸ் குறையும்," என்றிருந்தார்.

இன்று புதன்கிழமை. அவள் சிவப்பு வரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றும் இந்த மாதத்தில் யாரோ மாற்றிய இடங்கள். மாற்றியவர்கள் எல்லோருமே சோதனையை ஓட்டியிருக்கிறார்கள். எல்லோருக்குமே பச்சை வந்திருக்கிறது. அவளுக்கும் நேற்றுவரை வந்தது. கோப்பை நீக்கியதும் எப்படிச் சிவப்பாகும்?

சோதனையை ஓட்டுகிற அந்தச் சின்ன நிரலைத் திறந்தாள். வேலையை விட்டுப் போன யாரோ எப்போதோ எழுதியது. ஆறே வரி. சோதனைப் பைனரி இருக்கிறதா? இருந்தால் அதையே ஓட்டு. இல்லையென்றால் உருவாக்கி ஓட்டு.

பைனரி எப்போதும் இருந்தது. களஞ்சியத்திலேயே இருந்தது. களஞ்சியத்தை இறக்கிக்கொண்ட ஒவ்வொருவரின் கணினிக்கும் அதுவும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது. ஆகவே நாலு வருடமாக யாரும் சோதனையைப் புதிதாக உருவாக்கவில்லை. நாலு வருடத்துக்கு முந்தைய நிரலை, நாலு வருடத்துக்கு முந்தைய சோதனை, 'எல்லாம் சரி' என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. அதன்மேல் யார் என்ன கிறுக்கினாலும் அது ஒன்றையும் பார்க்கவில்லை.

மூன்று சிவப்பு வரிகளில் அவள் நிற்கவில்லை. அதற்கு முன்னாலேயே மனசு வேறிடத்துக்குப் போய்விட்டிருந்தது.

களஞ்சியத்தை இரண்டு வருடம் பின்னால் தள்ளினாள். அந்தத் தேதியைத் தேட வேண்டியிருக்கவில்லை, மனப்பாடம். அப்போது இதே அலுவலகத்தில் இருந்த நாத்தனார் கடைசியாக மாற்றிய நிரல். சோதனையை ஓட்டினாள். விரலை எடுப்பதற்குள் பச்சை. பைனரியை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டினாள். விசிறி இரைந்தது. ஒரு நிமிடம். சிவப்பு. நாத்தனாரை வெளியே அனுப்பிய விசாரணையில் மேலாளர் திரையில் போட்டுக் காட்டிய அதே வரி.

*

அவர்கள் ரத்த வங்கிகளின் குளிர்ப்பெட்டிகளுக்கு நிரல் எழுதுபவர்கள். பெட்டிக்குள் சூடு ஏறினால் மணி அடிக்க வேண்டும். கதவைத் திறந்தால் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். அதற்காக மணி சில நிமிடம் பொறுத்திருக்கும். அந்தப் பொறுக்கும் நேரத்தை நாத்தனார் மாற்றி எழுதினாள். அதில் ஒரு பிழை. கதவு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பொறுக்கும் நேரம் முதலிலிருந்து தொடங்கியது. ஒரு மருத்துவமனையில் பெட்டி பழுதான அன்று, ஊழியர்கள் அடிக்கடி கதவைத் திறந்து மூடிக்கொண்டிருந்ததால் மணி கடைசிவரை அடிக்கவே இல்லை. இருநூற்றுப் பதினான்கு பை ரத்தத்தைக் கொட்டிவிட்டார்கள். யாரும் சாகவில்லை. ஆனால் அறுவைச் சிகிச்சைக்காகப் பட்டினி கிடந்த ஒரு பெண்ணை, மேசைமேல் படுக்கவைத்த பிறகு எழுப்பி அனுப்பினார்களாம்.

இந்தப் பிழையைப் பிடிக்கவே ஒரு சோதனை இருந்தது. ஓட்டியிருந்தால் சிவப்பு வந்திருக்கும்.

"ஓட்டிப் பார்த்தேன் சார். பச்சைதான் வந்துச்சு," என்றாள் நாத்தனார் விசாரணையில்.

"நான் ஓட்டினா சிவப்பு வருதே. உனக்கு மட்டும் எப்படிம்மா பச்சை?"

அவருடைய மடிக்கணினி புதுசு, வேறு வகை. களஞ்சியத்தில் இருந்த பைனரி அதில் ஓடாது. ஓடாததால் அவர் கையால் புதிதாக உருவாக்கி ஓட்டியிருக்கிறார். ஏன் ஓடவில்லை என்று அவர் யோசிக்கவில்லை. நாத்தனாரின் கணினியை அதற்குள் வாங்கித் துடைத்து வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். பிழையை அன்றைக்கே திருத்தியும்விட்டார்கள். அதற்கப்புறம் எல்லோருக்கும் பச்சை.

கண்ணாடிச் சுவர் போட்ட அந்த அறையில் அவளும் இருந்தாள், மூத்தவள் என்ற முறையில். நாத்தனாரை அந்த வேலைக்குக் கூட்டிவந்ததே அவள்தான். "அண்ணியும் நாத்தனாரும் ஒரே ஆபீஸா? ரெப்போவுலயே சண்டை போடுவீங்க போல," என்று சேர்ந்த நாளில் எல்லோரும் கிண்டல் செய்தார்கள். விசாரணையன்று நாத்தனார் பேசப் பேச இவள் பக்கம்தான் பார்த்தாள். இவள் மேசையில் காப்பிக் கோப்பை வைத்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் சொல்கிறாள் என்று தோன்றியது. சின்னப் பெண், பயத்தில் சொல்கிறாள் என்றுகூட ஒரு பரிவு வந்தது. அந்தப் பரிவை இப்போது நினைத்தால் கூசியது.

அன்று சாயங்காலம் வீட்டில் சாப்பாட்டு மேசையில் வைத்து நாத்தனாரிடம் இரண்டு மணி நேரம் பேசினாள். "ஒத்துக்கோ. ஒத்துக்கிட்டா ராஜினாமான்னு போட்டு விட்டுடுவாங்க. இல்லேன்னா நீக்கிட்டோம்னு எழுதுவாங்க. அப்புறம் எவன் உனக்கு வேலை குடுப்பான்?"

"ஆனா ஓட்டினேன் அண்ணி."

"ஓட்டினதா உனக்கு நினைப்பு. வேற ஏதாவது நாள் ஓட்டியிருப்ப. யோசிச்சுப் பாரு."

யோசித்துப் பார்த்தாள் அந்தப் பெண். யோசிக்க யோசிக்க முகம் கலங்கிக்கொண்டே போனது. கடைசியில் இவள் சொல்லச் சொல்ல எழுதினாள்: 'சோதனையை ஓட்டாமலேயே ஓட்டியதாகக் கூறினேன்.' கையெழுத்துப் போட்டாள். ராஜினாமா என்று போட்டும் யாரும் வேலை கொடுக்கவில்லை. அந்தத் தொழிலில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

அதற்கப்புறம் வீட்டில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. "கேட்டைப் பூட்டிட்டேன்" என்பாள் நாத்தனார். "சரிம்மா" என்பார்கள். இரண்டு நிமிடம் கழித்து யாராவது ஒருவர், ஏதோ வேலையாகப் போகிறமாதிரி போய், பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வருவார்கள். யாரும் பேசிவைத்துக்கொண்டு செய்யவில்லை. சில மாதத்தில் நாத்தனாரே சொல்வதை நிறுத்திவிட்டாள். பூட்டுவாள், திரும்பி வருவாள், பாதி வழியில் நின்று மறுபடி போய் இழுத்துப் பார்ப்பாள். கேஸையும் அப்படித்தான். குழாயையும். இப்போது கல்லூரிச் சாலையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறாள்.

அந்தப் பைனரியை யார் உள்ளே போட்டது என்பதை அந்தப் புதன்கிழமை அவள் கடைசியாகத்தான் பார்த்தாள். பார்க்காமல் தள்ளிப்போட்டாள் என்பதே சரி. களஞ்சியம் எதையும் மறைக்காது. கேட்டால் சொல்லிவிடும். கேட்டாள். அவளுடைய பெயரைச் சொன்னது.

*

நாலு வருடத்துக்கு முந்தைய ஒரு செவ்வாய்க்கிழமை. மாலை மூன்று மணி பத்து நிமிடம். அவள் ஏதோ ஒரு சின்னத் திருத்தம் செய்திருக்கிறாள். எந்தெந்தக் கோப்பு என்று பொறுக்கிச் சேர்க்காமல், இருப்பதை எல்லாம் வாரிச் சேர் என்று ஒரு புள்ளி வைத்து அனுப்பியிருக்கிறாள். அதோடு ஒட்டிக்கொண்டு போயிருக்கிறது.

அன்றைக்கு என்ன நடந்தது என்று தேடினாள். பழைய மின்னஞ்சல், கைபேசியில் புகைப்படங்கள், வங்கியிலிருந்து வந்த செய்திகள். யாருக்காவது காய்ச்சலா, வீட்டிலிருந்து போன் வந்ததா, அழுதுகொண்டிருந்தாளா? ஒன்றுமில்லை. மத்தியானம் எதிர் மேசைக்காரருக்கு ஒரு சிரிக்கும் பொம்மை அனுப்பியிருக்கிறாள். அவ்வளவுதான். ஒரு காரணம் கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதன்மேல் சாய்ந்து கொஞ்ச நேரம் நின்றிருக்கலாம். சாதாரணமான ஒரு நாளில், சாதாரணமாக, ஒன்றையும் நினைக்காமல் செய்திருக்கிறாள்.

இன்னொரு நினைப்பும் வந்தது. வராமல் இருந்திருந்தால் தன்னைப்பற்றி இன்னும் கொஞ்சம் நல்லபடியாக நினைத்துக்கொண்டிருக்கலாம். வெள்ளிக்கிழமை அவள் செய்ய வேண்டிய வேலை அந்தக் கோப்பு ஆரம்பத்திலிருந்தே இல்லாத மாதிரி செய்வது. செய்தால் அந்தச் செவ்வாய்க்கிழமையும் கூடவே போய்விடும். அவள் திருட்டுத்தனம் எதுவும் பண்ண வேண்டாம். கொடுத்த வேலையை ஒழுங்காகச் செய்தாலே போதும்.

வீட்டுக்கு வந்து கணவனிடம் சொன்னாள். அவன் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தான். பாதியில் விளங்காமல் இரண்டு முறை கேட்டான். விளங்கியதும் கையில் இருந்த துண்டை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தான்.

"அவகிட்ட சொல்லப் போறியா?"

"சொல்ல வேண்டாமா?"

"சொன்னா ரெண்டு வருஷம் திரும்பி வருமா? இப்பதான் கொஞ்சம் சிரிக்கிறா." துண்டைக் கீழே வைத்தான். "நான் அவளை அடிக்கல, அவ்வளவுதான். மத்தபடி சொல்லக்கூடாததெல்லாம் சொல்லிட்டேன். எங்க வளர்ப்பு அப்படியான்னு கேட்டேன். என் கூடப் பொறந்தவகிட்ட."

அடுத்த துணியை எடுத்துக்கொண்டே, "நீ வேணும்னு பண்ணல இல்ல?" என்றான்.

அவன் ஆறுதலுக்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டான் என்பது குரலில் தெரிந்தது. இந்த வீட்டில் அந்தக் கேள்வி இதுவரை நாத்தனாரை நோக்கித்தான் போயிருக்கிறது.

*

வியாழக்கிழமை காலையில் மேலாளரின் அறைக்குப் போனாள். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். கண்ணாடியைக் கழற்றி மூக்கின் இரண்டு பக்கத்தையும் தேய்த்துக்கொண்டார்.

"சரி, இப்ப என்ன பண்ணணும்ங்கறீங்க?"

"அந்தப் பொண்ணு சொன்னது உண்மைன்னு எழுதணும் சார். ஆஸ்பத்திரிக்கும் தெரியப்படுத்தணும்."

"ஆஸ்பத்திரிக்கு நாம என்ன எழுதிக் குடுத்தோம்? ஒருத்தர் சோதனை பண்ணல, அவரை அனுப்பிட்டோம், எங்க முறையில கோளாறு இல்லன்னு. இப்ப போய், கோளாறு முறையிலதான், நாலு வருஷமா எதையுமே சோதிக்கலன்னு எழுதச் சொல்றீங்க. அடிமடியிலேயே கை வெக்கறீங்களேம்மா."

"மூணு இடத்துல இப்பவே தப்பு இருக்கு சார்."

"அதைத் திருத்துங்க. இன்னைக்கே திருத்துங்க. அதுல எனக்கு ரெண்டாவது பேச்சே இல்ல." குரலைத் தாழ்த்தினார். "அந்தக் கோப்புல இருக்கறது உங்க பேரு. என் பேரு இல்ல. நாளைக்கு ஹிஸ்டரிய சுத்தம் பண்ணிட்டா யாருக்கு நல்லது? யோசிங்க. அந்தப் பொண்ணும் எங்கயோ வேலை பாக்குதுல்ல? முடிச்சிடலாம்மா."

அவர் கெட்டவர் இல்லை. அவளைக் காப்பாற்றுவதாகத்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். இரண்டு வருடத்துக்கு முன்னால் சாப்பாட்டு மேசையில் அவளும் இதே குரலில்தான் பேசியிருக்க வேண்டும்.

*

சாயங்காலம் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போனாள். நீளமான, குறுகலான கடை. இரண்டு இயந்திரங்கள், சூட்டில் உறை போடுகிற பெட்டி ஒன்று, சுவரை ஒட்டிக் காகிதக் கட்டுகள். முதலாளி வெளியே போயிருந்தார். நாத்தனார் ஒரு மாணவனின் திட்ட அறிக்கைக்குச் சுருள் கம்பி கோத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அண்ணி, இந்தப் பக்கம்? ஜெராக்ஸா?"

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க. கைதான் வேலை பாக்குது, காது சும்மாதான் இருக்கு."

சொன்னாள். சுற்றி வளைக்காமல் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாள். அப்படியும் நடுவில் இரண்டு இடத்தில் வார்த்தை சிக்கியது. நாத்தனார் கம்பியைக் கடைசித் துளைவரை கோத்து, முனையை மடக்கி, மாணவனிடம் கொடுத்து அனுப்பினாள். பிறகு கேட்டாள்:

"பைனரி இருந்தா திரும்ப உருவாக்காதா? எந்தக் கோப்பு மாறியிருந்தாலும்?"

"ஆமா."

"அப்ப நான் எழுதினது ஓடவே இல்ல. எனக்கு முன்னாடி ரெண்டு வருஷம் யார் எழுதினதும் ஓடல." கண்ணை மூடித் திறந்தாள். "சாரோட லேப்டாப் வேற வகை. அதுல அது ஓடியிருக்காது. அதான் அவருக்கு மட்டும் சிவப்பு."

அவளுக்கு அந்த இடத்துக்கு வந்து சேர ஒரு மணி நேரம் பிடித்திருந்தது. நாத்தனார் நின்ற நிலையில் வந்துவிட்டாள். இப்படிப்பட்ட மூளையை ஜெராக்ஸ் கடையில் கொண்டுவந்து நிறுத்தியது தான்தான் என்ற நினைப்பு, மற்றதெல்லாம் சொல்லி முடித்த பிறகு, அப்போதுதான் முழுசாக வந்து இறங்கியது.

"கொண்டாங்க," என்றாள் நாத்தனார். "நான் ஓட்டணும்."

மடிக்கணினியைக் காகிதக் கட்டுகளின்மேல் வைத்துத் திறந்தாள். இரண்டு வருடமாகத் தொடாத விரல்கள் கட்டளையை மறக்கவில்லை. பச்சை. பைனரியை நீக்கினாள். ஒரு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சிவப்பு. பைனரியைத் திரும்பக் கொண்டுவந்தாள். பச்சை. நீக்கினாள். சிவப்பு. ஒரு பெண் வந்து அடையாள அட்டைக்கு நகல் கேட்டாள். எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து மறுபடி ஓட்டினாள். ஐந்தாவது முறையோ ஆறாவது முறையோ பச்சை வந்தபோது கையை எடுத்துவிட்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சு அண்ணி. பச்சை வந்ததும் பையைத் தூக்கிட்டு எழுந்தேன். நாற்காலி பின்னாடி சாஞ்சு விழப்பாத்துச்சு, பிடிச்சேன். அவ்வளவும் ஞாபகம் இருந்துச்சு. நீங்க ரெண்டு மணி நேரம் பேசினதுல அது போயிடுச்சு. அப்புறம் எதைச் செஞ்சாலும் செஞ்சேனான்னு சந்தேகம். ஒருநாள் பஸ்ல ஏறிட்டு, ஏறினேனான்னு தோணுச்சு. சிரிக்காதீங்க."

"நான் சிரிக்கலம்மா."

"தப்பு என்னுதுதான். அந்தக் கணக்கை நான்தான் தப்பா எழுதினேன். அந்த ரத்தம் போனதுக்கு நான் அழுதிருக்கேன், அது வேற. பொய் மட்டும் என்னுது இல்ல. அது நீங்க சொல்லி நான் எழுதினது."

"நான் என்ன செய்யணும், சொல்லு."

"வேலையெல்லாம் வேண்டாம். இங்க பேப்பர் உள்ள போச்சுன்னா வெளிய வருது. வந்தது கண்ணுக்குத் தெரியுது. எனக்கு இதுவே போதும்." காகிதக் கட்டிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவி அவள் முன்னால் வைத்தாள். சட்டைப்பையிலிருந்து பேனாவையும் எடுத்து வைத்தாள். "அந்த லெட்டரைத் திருப்பி எழுதிக் குடுங்க. நான் ஓட்டினேன்னு. பைனரியை உள்ள போட்டது நீங்கன்னு. தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு."

தாள் வெளிச்சத்தில் ரொம்ப வெள்ளையாக இருந்தது. அவள் பேனாவை எடுத்தாள். எழுதினால் அது இந்தக் கடையோடு நிற்காது. வேலை போகும். பதினாறு வருட வேலை. வீட்டுக்கு வாங்கிய கடன், கணவனின் அரைகுறைச் சம்பளம், நாற்பத்திரண்டு வயதில் போய் நின்றால் கேட்கப்போகிற கேள்விகள். ஆஸ்பத்திரிக்காரர்கள் வழக்குப் போட்டால்? வக்கீல் யாரையாவது கேட்டுவிட்டு எழுதலாமா? நியாயமான யோசனைகள்தான் எல்லாமே. ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

"நாளைக்கு எழுதித் தரேனே," என்றாள். "யோசிச்சு, சரியா எழுதணும் இல்ல?"

நாத்தனார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இல்லை அந்தப் பார்வையில். ஏதோ ஒன்று விளங்கிவிட்ட மாதிரி இருந்தது.

"யோசிக்கறீங்க," என்றாள். "யோசிங்க. அன்னைக்கு எனக்கும் ஒரு ராத்திரி விட்டிருந்தீங்கன்னா நானும் யோசிச்சிருப்பேன்." தாளை எடுத்துக் காகிதக் கட்டிலேயே திரும்ப வைத்துவிட்டாள்.

*

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வரலாற்றை அழிக்கிற கட்டளையை எழுதி வைத்துவிட்டு, கடைசி விசையை மட்டும் அழுத்தாமல் உட்கார்ந்திருந்தாள். பதினொன்றரைக்கு அந்தக் கட்டளையையே அழித்தாள்.

பைனரிகளை நீக்கி, தவிர்ப்புப் பட்டியலில் பெயர்களை எழுதி, மூன்று பிழைகளையும் திருத்தி, களஞ்சியத்தில் சேர்த்தாள். சேர்க்கும்போது ஏன் மாற்றினோம் என்று ஒரு குறிப்பு எழுத வேண்டும். வழக்கமாக அவள் நாலு வார்த்தைக்குமேல் எழுதமாட்டாள். அன்று ஒரு பக்கம் எழுதினாள். கோப்பைப் போட்டது யார், எந்த நாள், அதனால் சோதனை எத்தனை நாள் ஓடாமல் இருந்தது, விசாரணையில் ஒருத்தி சொன்னது எப்படி உண்மை. அதையே கடிதமாக எழுதிக் கையெழுத்திட்டு மேலாளருக்கும், அந்த மருத்துவமனையின் ரத்த வங்கி அதிகாரிக்கும் அனுப்பினாள். அனுப்பிய பிறகு பசித்தது.

முடிச்சிடலாம் கத்தவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு யாருடனோ அரை மணி நேரம் பேசிவிட்டு வந்து, அவளுடைய மேசையருகே நின்று, "திங்கள்லேர்ந்து வர வேண்டாம். சொல்லி அனுப்பறோம்," என்றார். அவளுடைய அனுமதிகளை எல்லாம் எடுத்துவிட்டார்கள். பிற்பகலில் எதிர் மேசைக்காரரை உட்காரவைத்துப் பழைய வரலாற்றைச் சுத்தம் செய்தார்கள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமலே செய்தார். களஞ்சியம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. இப்போது ஒரே நிமிடத்தில் இறங்குகிறதாம். அவள் எழுதிய குறிப்பையும் அதோடு எடுத்துவிட்டார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை இப்போது எந்தக் கணினியிலும் இல்லை.

கடிதத்தின் மூலப்பிரதி அவள் பையில் இருந்தது. கடைக்குப் போனபோது கூட்டம். நாலைந்து பேருக்குப் பின்னால் வரிசையில் நின்றாள். முறை வந்ததும் நீட்டினாள்.

நாத்தனார் ஈரமில்லாத விரலால் ஓரத்தைப் பிடித்து வாங்கினாள். நின்றபடியே படித்தாள். நிரலைப் படிக்கிற மாதிரி ஒவ்வொரு வரியாக. ஓரிடத்தில் நிறுத்தி, "'என் தூண்டுதலின் பேரில்'னு போட்டிருக்கீங்க. சரியாத்தான் இருக்கு," என்றாள்.

"அனுப்பிட்டேன். ரெண்டு பேருக்கும்."

"வேலை?"

"போச்சு."

நாத்தனார் தலையசைத்தாள். கடிதத்தைக் கண்ணாடிமேல் கவிழ்த்து மூடினாள். வெளிச்சக் கோடு ஒன்று ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போனது. மூன்று நகல் எடுத்தாள். மூலத்தையும் நகலையும் ஒரு உறையில் போட்டு, தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"நேத்தே எழுதியிருந்தீங்கன்னா," என்றாள், பையின் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டே, "எனக்காக எழுதினீங்கன்னு நினைச்சிருப்பேன் அண்ணி."

ஒரு ராத்திரிதான். அந்த ஒரு ராத்திரியை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. பின்னால் நின்றிருந்த ஒருவர் தன் கட்டுக் காகிதத்தை அவளுடைய தோளுக்கு மேலாக நீட்டினார். அவள் விலகி வழிவிட்டாள்.

"ஒரு பக்கமா, ரெண்டு பக்கமுமா?" என்று நாத்தனார் அவரிடம் கேட்டாள்.